ஒழுகும் கூரையும் நிறையும் கல்லாவும்

2024-25 சீசன் முடிந்தபோது பிரீமியர் லீக் பட்டியலில் மான்செஸ்டர் யுனைடெட் 15-ஆவது இடத்தில் இருந்தது. 38 ஆட்டங்கள், 18 தோல்விகள், 42 புள்ளிகள். 1973-74-இல் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்ட பிறகு அந்த கிளப் லீக்கில் இவ்வளவு கீழே போனதில்லை. அதே நிதியாண்டில் அதன் வருமானம் 66.65 கோடி பவுண்டு. அதுவரையிலான கிளப் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அணி தோற்கத் தோற்கக் கல்லா நிறைந்திருக்கிறது. ஒரு கால்பந்து கிளப்பில் இந்த இரண்டும் ஒன்றாக நடக்க முடியும் என்பதை நம்பவே முதலில் கஷ்டமாக இருக்கும்.

நான் லிவர்பூல் ரசிகன். யுனைடெட் 15-ஆவதாக வந்த அதே சீசனில்தான் லிவர்பூல் தன் 20-ஆவது லீக் பட்டத்தை வென்று, யுனைடெட்டின் கணக்கைச் சமன் செய்தது. 2023 மார்ச் 5 அன்று எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் அவர்களை 7-0 என்று வென்றோம். நம் நேரப்படி இரவு 11 மணிக்கு மேல், இரண்டாம் பாதியில் மட்டும் ஆறு கோல். அன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் சத்தத்தில் எழுந்துவிட்டார்கள். களத்தில் அவர்கள் தோற்பது எனக்கு என்றைக்கும் சந்தோஷம்தான். ஆனால் களத்துக்கு வெளியே அவர்களுக்கு நடந்தது வேறு: கிளப்பை வாங்கியவர்கள், வாங்கப் பட்ட கடனைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றினார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. 2007-இல் அதே நோய் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. மூன்றரை ஆண்டு கழித்து லண்டன் நீதிமன்றம் வரை போய்த்தான் நாங்கள் தப்பினோம்.

இந்தப் பகை பழையது. மான்செஸ்டர் கப்பல் கால்வாய் 1894-இல் திறந்தது. அதுவரை மான்செஸ்டரின் பருத்தி முழுக்க லிவர்பூல் துறைமுகம் வழியாகத்தான் போய் வந்தது. இனி அந்தத் தயவு வேண்டாம் என்று மான்செஸ்டர்காரர்கள் கடலையே தங்கள் ஊருக்கு வெட்டிக் கொண்டுவந்தார்கள். யுனைடெட் சின்னத்தில் இருக்கும் பாய்மரக் கப்பல் கால்வாய்க்கும் முந்தைய நகரச் சின்னத்திலிருந்து வந்தது; ஆனாலும் பலருக்கு அது அந்த வீம்பின் அடையாளம். அதே ஆண்டு ஏப்ரலில் இரு கிளப்புகளும் முதன்முறையாக மோதின. லிவர்பூல் ஜெயித்து முதல் டிவிஷனுக்கு ஏறியது. அப்போது நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த யுனைடெட் கீழே இறங்கியது. பகைக்கு நடுவே உறவும் உண்டு. யுனைடெட்டைக் கட்டி எழுப்பிய மேட் பஸ்பி, போருக்கு முன் லிவர்பூல் அணியின் கேப்டனாக ஆடியவர்.

நியூட்டன் ஹீத், ரயில்வே தொழிலாளர்கள் 1878-இல் தொடங்கிய கிளப். 1902-இல் அது கடனில் மூழ்கியபோது ஜான் ஹென்றி டேவிஸ் என்ற மதுபான ஆலை முதலாளி பணம் போட்டுக் காப்பாற்றினார். பெயரும் அப்போதுதான் மாறியது. 1931-இல் மறுபடி சம்பளம் கொடுக்க வழியில்லாத நிலை. ஜேம்ஸ் கிப்சன் என்ற துணி வியாபாரி 2,000 பவுண்டு கொடுத்து அந்தக் கிறிஸ்துமஸைக் கடக்க வைத்தார். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கிளப்புக்குள் பணம் போடுவார்கள், பதிலுக்கு ஊரில் மரியாதை கிடைக்கும். இங்கிலாந்து முழுக்க இதுதான் வழக்கம். அதை வழக்கமாக மட்டும் விடாமல் கால்பந்துச் சங்கம் விதியாகவும் வைத்திருந்தது. 34-ஆம் விதி என்பார்கள். பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகைக்கு உச்சவரம்பு; இயக்குநர்கள் சம்பளம் எடுக்கத் தடை. கிளப்பை வைத்துப் பணம் பார்க்க வருபவனுக்கு உள்ளே வேலையில்லை என்பதே அதன் பொருள்.

அந்த வேலியை முதலில் தாண்டியது லண்டன் கிளப்பான டோட்டன்ஹாம். 1983-இல் கிளப்புக்கு மேலே ஒரு ஹோல்டிங் கம்பெனியை உருவாக்கி, அதைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டார்கள். விதி கிளப்புக்குத்தானே, கம்பெனிக்கு இல்லையே! கால்பந்துச் சங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. என் பார்வையில் இங்கிலாந்துக் கால்பந்தின் பிந்தைய கேடுகள் பலவற்றுக்கும் விதை இங்கே விழுந்தது. யுனைடெட் 1991-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. பங்குச்சந்தைக்கு வந்தால் யார் வேண்டுமானாலும் விலைக்குக் கேட்கலாம். 1998-இல் ரூபர்ட் முர்டாக்கின் பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் 62.3 கோடி பவுண்டு தருவதாகச் சொல்ல, நிர்வாகக் குழுவும் தலையாட்டிவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் அரசே அந்த விற்பனையைத் தடுத்தது. அடுத்த மாதம் யுனைடெட் மூன்று கோப்பைகளை ஒரே சீசனில் வென்றது. கதவு மூடிவிட்டது என்று அப்போது எல்லாரும் நினைத்தார்கள்.

கதவைத் திறந்துவிட்டது ஒரு குதிரை. யுனைடெட்டின் பெரும் பங்குதாரர்களாக இருந்த ஜான் மேக்னியர், ஜே.பி. மெக்மேனஸ் இருவரும் அயர்லாந்தின் குதிரைப் பந்தயப் புள்ளிகள். ராக் ஆஃப் ஜிப்ரால்டர் என்ற பந்தயக் குதிரையின் இனப்பெருக்க வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கும் மேக்னியருக்கும் தகராறு மூண்டது. 2004-இல் சமரசம் ஆனது. ஆனால் அந்த இருவருக்கும் அதற்குப் பிறகு கிளப்பில் ஒட்டு இல்லை. 2005 மே மாதம் தங்கள் 28.7% பங்குகளையும் அமெரிக்காவின் மால்கம் கிளேசருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதோடு கிளப் கைமாறியது.

விலை சுமார் 79 கோடி பவுண்டு. இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஊரில் நன்றாக ஓடும் ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலணா கடன் இல்லை. சமையல்காரரின் கைப்பக்குவத்துக்குத் தெருமுனை வரை வரிசை நிற்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறார். அவர் கையில் இருப்பது விலையில் மூன்றில் ஒரு பங்குதான். மீதிக்கு அந்த மெஸ்ஸையே ஈடு காட்டிக் கடன் வாங்குகிறார். பழைய முதலாளி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது, முந்தைய நாள் வரை கடனே இல்லாத மெஸ்ஸின் தலையில் கடன் உட்கார்ந்திருக்கிறது. புது முதலாளி தன்னை வாங்கிய செலவை மெஸ்ஸே சாப்பாடு போட்டுப் போட்டு அடைக்க வேண்டும். அடுப்பு மாற்றவும் கூரை சரிசெய்யவும் வைத்திருந்த காசு தவணைக்குப் போகும்.

பிரிட்டனில் இது சட்டப்படி முழுக்கச் சரி. கிளேசர் குடும்பம் சுமார் 26.5 கோடி பவுண்டைக் கிளப்பின் சொத்துகள் மீது கடனாக வாங்கியது. இன்னொரு 27.5 கோடியை ஹெட்ஜ் ஃபண்டுகள் எனப்படும் தனியார் முதலீட்டு நிதிகளிடம் வாங்கியது. அந்த இரண்டாவது கடனுக்கு வட்டியை வருஷா வருஷம் கட்ட வேண்டியதில்லை. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறும். 2010-இல் அதன் வட்டி விகிதம் 16.25%. அந்த ஜனவரியில் மொத்தக் கடன் 71.65 கோடி பவுண்டு. வாங்கி ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகியும், அதற்குள் மூன்று லீக் பட்டமும் ஒரு ஐரோப்பியக் கோப்பையும் வென்றும், கடன் குறையவில்லை. கூடியிருந்தது.

ரசிகர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 2005-லேயே ஒரு கூட்டம் வெளியேறி எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கே ஒரு கிளப்பைத் தொடங்கி, கீழ்மட்ட லீக்கில் ஆட ஆரம்பித்தது. 2010-இல் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டின் இருக்கைகளில் சிவப்பைவிடப் பச்சையும் தங்கமும் கண்ணில் பட்டன. அவை பழைய நியூட்டன் ஹீத்தின் நிறங்கள். கிளப்பை நேசிக்கிறோம், முதலாளியை இல்லை என்று சொல்ல அவர்கள் கண்டுபிடித்த வழி அது. இந்த அழகான போராட்டத்தை ஒரு லிவர்பூல் ரசிகனாக நான் மதிக்கிறேன்.

ஆனாலும் வெளியே இருந்தவர்கள் நம்பவில்லை. காரணம் ஃபெர்குசன். 2007, 2008, 2009, 2011, 2013 என்று ஐந்து லீக் பட்டங்கள், 2008-இல் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக். கோப்பை வந்துகொண்டிருக்கும்போது கடனைப் பற்றிப் பேசுபவன் பைத்தியக்காரனாகத்தான் தெரிவான். 2009-இல் கிறிஸ்டியானோ ரொனால்டோவை 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட்டுக்கு விற்றார்கள். அந்த நிதியாண்டில் கணக்கில் காட்டிய லாபம் 4.82 கோடி. அதாவது அந்த விற்பனை நடக்காவிட்டால் நஷ்டம். அவருக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஓவன், அதுவும் டிரான்ஸ்ஃபர் கட்டணம் இல்லாமல். சந்தையில் விலைக்கு ஏற்ற மதிப்பு இல்லை என்று ஃபெர்குசன் சொல்லிக்கொண்டிருந்தார். 2013-இல் அவர் பட்டம் வென்று விடைபெற்றபோது அணியில் ரயன் கிக்ஸுக்கு வயது 39, பால் ஸ்கோல்ஸுக்கு 38, ரியோ ஃபெர்டினாண்டுக்கு 34. சமையல்காரரின் கைப்பக்குவம் எட்டு ஆண்டுகள் அந்த மெஸ்ஸின் விரிசல்களை மறைத்து வைத்திருந்தது.

அவரோடு தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் எட் உட்வர்ட். ஜேபி மார்கன் வங்கியில் இருந்தபோது கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்குவதற்கு வேலை பார்த்தவர். ஸ்பான்சர் பிடிப்பதில் கெட்டிக்காரர். அதை மறுக்க முடியாது. அந்தக் காலத்தில் வந்த ஒப்பந்தங்களைப் பாருங்கள்: ஜெர்சியின் மார்பில் செவ்ரோலே பெயருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 55.9 கோடி டாலர். அடிடாஸிடமிருந்து பத்து ஆண்டுகளுக்கு 75 கோடி பவுண்டு. 2018-இல் முதலீட்டாளர்களிடம் பேசும்போது அவர் ஒன்று சொன்னார்: ஆட்ட முடிவுகள் எங்கள் வணிக வருமானத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பங்கு வாங்க வருபவருக்கு இது ஆறுதலான செய்தி. ஸ்டேண்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடக் கொடுமையான வார்த்தை கிடையாது. நீ ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு ஒன்றுதான் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்ட மாதிரி.

அந்தப் பேச்சு முழு உண்மையும் இல்லை. இரண்டு சீசன்கள் தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக்கில் இல்லாவிட்டால் 30% குறைப்போம் என்று அடிடாஸ் ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆகவே களத்தில் ஒரே ஒரு விஷயம் முதலாளிக்கு அவசியமாயிற்று: சாம்பியன்ஸ் லீக்கில் இடம் தரும் முதல் நான்குக்குள் வருவது. பட்டத்துக்காக ஆடிய கிளப் நான்காம் இடத்துக்காக ஆடப் பழகியது இப்படித்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கிளேசர்கள் செலவே செய்யவில்லையா? செய்தார்கள், ஏராளமாக. 2016-இல் பால் போக்பாவுக்கு 8.93 கோடி பவுண்டு, அன்றைய உலக சாதனை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கிளப்பை விட்டுக் கிட்டத்தட்டச் சும்மா போனவர் அவர்; 2022-இல் மறுபடியும் சும்மாவே போனார். ஹாரி மகுவயருக்கு 8 கோடி. அயாக்ஸிலிருந்து வந்த ஆன்டனிக்கும் அதே அளவு. ஆனால் அது குடும்பத்தின் பணம் இல்லை, கிளப் சம்பாதித்த பணம். அதைச் செலவழிக்கத் தெரிந்த ஆள் உள்ளே இல்லை. வீரர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு கால்பந்து இயக்குநர் வேண்டும் என்பதை ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் எப்போதோ புரிந்துகொண்டிருந்தன. யுனைடெட் அந்தப் பதவியை 2021 மார்ச்சில்தான் நிரப்பியது. நடுவில் வந்த மேனேஜர்களில் மோயஸ் ஒரு மாதிரி ஆட்டத்துக்கு ஆள் எடுத்தார், வான் ஹால் வேறு மாதிரி, மொரின்யோ அதற்கு நேர்மாறாக. ஒருவர் விட்டுப்போன அணியை அடுத்தவரால் பயன்படுத்த முடியவில்லை. நஷ்டம் வந்தால் தன் கைப்பணம் போகும் என்ற பயம் இருக்கும் முதலாளி, எட்டு ஆண்டுகள் இதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாரா?

அவர்களுக்கு அந்தப் பயம் வரவே வழியில்லை. 2012-இல் கிளப்பை கேமன் தீவுகளில் பதிவுசெய்த கம்பெனியாக நியூயார்க் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோனார்கள். பங்கு ஒன்று 14 டாலர். திரண்டது சுமார் 23.3 கோடி டாலர். அதில் பாதிதான் கிளப்பின் கடனுக்குப் போனது, மறு பாதி குடும்பத்துக்கு. பொதுமக்கள் வாங்கும் பங்குக்கு ஒரு வாக்கு, குடும்பம் வைத்திருக்கும் பங்குக்குப் பத்து வாக்கு. பங்கை விற்கலாம், பிடியை விட வேண்டாம். பிறகு 2015-16 நிதியாண்டிலிருந்து 2022 வரை ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு ஈவுத்தொகை. வட்டி, ஈவுத்தொகை, கட்டணங்கள் என்று கிளப்பிலிருந்து இந்த உடைமையின் பெயரால் வெளியேறிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. ஒரு பந்துகூட அதில் வாங்கப்படவில்லை.

அந்தப் பணம் எங்கே போகவில்லை என்பதைப் பார்க்க மைதானத்துக்குப் போனால் போதும். ஓல்ட் ட்ராஃபோர்ட் 1910-இல் திறந்தது. முதல் ஆட்டமே லிவர்பூலோடு, 4-3 என்று நாங்கள் வென்றோம். அங்கே நடந்த கடைசிப் பெரிய விரிவாக்கம் 2006-இல் முடிந்தது. 2024 மே மாதம் ஆர்சனலோடு ஆடிய நாளில் பெய்த மழையில் கூரையின் மூலையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. உலகமே அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தது. நாடுகள் ஆடும் 2028 ஐரோப்பியக் கோப்பைக்கு மான்செஸ்டரில் தேர்வான மைதானம் அதே ஊரின் இன்னொரு கிளப்பான மான்செஸ்டர் சிட்டியுடையது. 2021-இல் திரும்பி வந்த ரொனால்டோ, தான் போன 2009-க்குப் பிறகு பயிற்சி மையத்தில் எதுவுமே மாறவில்லை என்று மறு ஆண்டு தொலைக்காட்சியில் சொன்னார். கோபத்தில் பேசினார்தான். ஆனாலும் அதை மறுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இப்போது எங்கள் கதை. 2007 பிப்ரவரியில் டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் என்ற இரு அமெரிக்கர்கள் லிவர்பூலை வாங்கினார்கள். இது கிளேசர்கள் செய்த மாதிரி இல்லை, கிளப் மீது கடன் ஏற்ற மாட்டோம் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தார்கள். 60 நாளில் புது மைதானத்துக்கு மண்வெட்டி விழும் என்றார்கள். மண்வெட்டி விழவே இல்லை. ஓராண்டுக்குள் 35 கோடி பவுண்டு கடனைப் புதுப்பித்து, அதில் 10.5 கோடியைக் கிளப் தலையில் வைத்தார்கள். ரசிகர்கள் 2008-இல் ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்ற சங்கம் தொடங்கித் தெருவில் இறங்கினார்கள். 2010 அக்டோபரில் கடனைத் திருப்பிக் கேட்டு ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து கழுத்தைப் பிடித்தபோது, அணி லீக்கில் கடைசி மூன்றில் கிடந்தது. விற்பனையைத் தடுக்க முதலாளிகள் டெக்சாஸ் நீதிமன்றம் வரை ஓடினார்கள். லண்டன் உயர் நீதிமன்றம் வழிவிட்டது. அக்டோபர் 15 அன்று 30 கோடி பவுண்டுக்குக் கிளப் இன்றைய ஃபென்வே குழுமத்தின் கைக்கு வந்தது. யுனைடெட் அளவுக்கு வருமானம் இருந்திருந்தால் ஹிக்ஸும் ஜில்லெட்டும் தவணையைச் சமாளித்திருப்பார்கள், இன்றும் ஆன்ஃபீல்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் ஏழ்மைதான் எங்களைக் காப்பாற்றியது. யுனைடெட்டின் செல்வம் அவர்களைக் கட்டிப்போட்டது. எவ்வளவு கறந்தாலும் பால் வற்றாத மாட்டை எவன் விற்பான்?

ஃபென்வேகாரர்களும் தர்மம் செய்ய வந்தவர்கள் இல்லை. லாபம் பார்க்கத்தான் வந்தார்கள். 2016-இல் டிக்கெட் விலையை 77 பவுண்டு ஆக்கப் பார்த்தபோது, 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். சில நாளில் விலை இறங்கியது. 2021-இல் யுனைடெட்டோடு சேர்ந்து, பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனியாகத் தொடங்கப் பார்த்த சூப்பர் லீக் சதியில் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்களே. ஆனால் கிளப்பை வாங்கிய கடனை அவர்கள் கிளப் மீது ஏற்றவில்லை. ஈவுத்தொகை எடுக்கவில்லை. தங்கள் சொத்தின் மதிப்பு ஏற வேண்டுமானால் அணி நன்றாக ஆட வேண்டும் என்ற நிலையில் இருந்தார்கள். அதனால் ஆன்ஃபீல்டை 45,000 இருக்கைகளிலிருந்து 61,000 ஆக்கினார்கள். கூட்டின்யோ என்ற நட்சத்திர வீரரை விற்ற பணம் வான் டைக், ஆலிசன் என்ற வீரர்களாகத் திரும்பி வந்தது. லாபத்தை விரும்பும் முதலாளி ஒருவர், கிளப்பையே தின்று பிழைக்கும் முதலாளி இன்னொருவர். முப்பதே மைல் தூரத்தில் இரண்டையும் பார்த்தாயிற்று.

சூப்பர் லீக் அறிவிப்பு வந்த இரண்டு வாரத்தில், மே 2 அன்று, யுனைடெட் ரசிகர்கள் பூட்டிக் கிடந்த ஓல்ட் ட்ராஃபோர்டுக்குள் புகுந்து மைதானத்தை நிரப்பினார்கள். அன்று ஆட வேண்டியிருந்தது லிவர்பூலோடு. ஆட்டம் தள்ளிப்போனது. உள்ளே புகுந்தது சரியா என்று எங்கள் பக்கத்திலும் விவாதம் நடந்தது. ஆனால் 2010-இல் நின்றவர்களுக்கு அந்த முகங்கள் தெரிந்த முகங்கள்.

2024 பிப்ரவரியில் ஜிம் ராட்கிளிஃப், பங்கு ஒன்று 33 டாலர் என்று 27.7% வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். உள்ளூர்ப் பையன், சிறு வயதிலிருந்தே யுனைடெட் ரசிகர். 30 கோடி டாலரைக் கிளப்புக்குள்ளும் போட்டார். இத்தனை ஆண்டில் உள்ளே வந்த முதல் பெரிய பணம் அது. ஆனால் கிளேசர் குடும்பம் விற்று லாபம் பார்த்ததோடு பெரும்பான்மை வாக்குகளையும் கையில் வைத்துக்கொண்டது. கடனும் அப்படியே நின்றது. பிறகு நடந்தது கீழிருந்து வெட்டு. சுமார் 250 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். மறு ஆண்டு மேலும் 200 பேர் வரை போவார்கள் என்று அறிவிப்பு. ஊழியர்களுக்கு இருந்த இலவசச் சாப்பாடு நின்றது. சீசன் நடுவே மீதமிருந்த டிக்கெட்டுகளுக்குச் சிறுவர், முதியவர் சலுகை எடுபட்டு எல்லாருக்கும் 66 பவுண்டு ஆனது. அதே ஆண்டில், ஒப்பந்தம் நீட்டி நான்கே மாதத்தில் நீக்கிய மேனேஜர் டென் ஹாகுக்கும் அவர் குழுவுக்கும், ஐந்து மாதம் மட்டுமே இருந்த விளையாட்டு இயக்குநருக்கும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிய தொகை 1.45 கோடி பவுண்டு. சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசு இதில் எந்த மூலைக்கு? 2025 ஆகஸ்டில் நான்காம் நிலை லீக்கில் ஆடும் கிரிம்ஸ்பி டவுன் பெனால்டியில் 12-11 என்று அவர்களை லீக் கோப்பையிலிருந்து வெளியேற்றியது.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, மார்ச் 9 அன்று, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கறுப்பு உடையில் ஓல்ட் ட்ராஃபோர்டை நோக்கி ஊர்வலம் போனார்கள். இரண்டு நாள் கழித்து கிளப் ஒரு மாதிரி வடிவத்தை வெளியிட்டது: பழைய மைதானத்தின் பக்கத்திலேயே ஒரு லட்சம் இருக்கைகள் கொண்ட புதிய மைதானம், செலவு 200 கோடி பவுண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று அன்று சொல்லவில்லை. 1910-இல் ஓல்ட் ட்ராஃபோர்டைக் கட்டத் தேவைப்பட்ட 60,000 பவுண்டை மதுபான ஆலை முதலாளி டேவிஸ் கொடுத்திருந்தார்.